வாசகர் கேள்வி – பதில்: தேய்ந்த பின்பால் பலகையைச் சீர்செய்வது

கேள்வி: சிகாகோவுக்கு மேற்கே வசிக்கிறேன். ஒரு வீட்டைக் காலி செய்தவர்களிடமிருந்து பாலி நிறுவனத்தின் 1977-ஆம் ஆண்டு ‘எய்ட் பால்’ பின்பால் இயந்திரத்தை (சரிவான பலகையில் எஃகுப் பந்தைத் தட்டி ஆடும் விளையாட்டுக் கருவி) வாங்கினேன். மின்சுற்றுகள் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் ஆட்டப் பலகையில், எண் போட்ட விளக்கு வில்லைகளைச் சுற்றி வண்ணம் வளையம் வளையமாக உதிர்ந்து மரம் தெரிகிறது. பந்தைத் தட்டும் ஃபிளிப்பர்களுக்கு மேலே உள்ள பகுதி சாம்பல் பூத்துக் கிடக்கிறது. அக்ரிலிக் வண்ணங்கள் வாங்கி வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகர், நேப்பர்வில், இல்லினாய்

பதில்: வாங்கி வைத்திருக்கும் வண்ணப் புட்டிகள் இன்னும் சில வாரங்கள் மூடியே இருக்கட்டும். வளையமாக உதிர்ந்ததற்கான காரணம் வண்ணத்தில் இல்லை, வில்லையில் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே பூசினால், எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் அதே இடத்தில் அதே வளையம் மறுபடி தோன்றும். பழைய பலகைகளைப் பொறுத்தவரை நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது இதைத்தான்: முதலில் மட்டம், அடுத்துச் சுத்தம், கடைசியாகத்தான் வண்ணம்.

அக்காலப் பலகை எவ்வாறு செய்யப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால் காரணம் எளிதில் விளங்கும். ஏறத்தாழ அரை அங்குலக் கனமுள்ள பல அடுக்கு ஒட்டுப்பலகையின் மேல்முகத்தில் மேப்பிள் மரத்தின் மெல்லிய ஏடு ஒட்டப்பட்டிருக்கும். அதில் விளக்குகளுக்காகத் துளை குடைந்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வில்லைகளைப் பதித்து ஒட்டி, மேற்பரப்பு முழுவதையும் ஒரே மட்டமாகத் தேய்த்த பிறகே, ஒவ்வொரு நிறமாக ஸ்கிரீன் பிரின்டிங் முறையில் படத்தை அச்சிட்டு, அதன்மேல் லாக்கர் பூசினார்கள். அந்த லாக்கர் படலம் மிக மெல்லியது. மதுக்கூடங்களிலும் விளையாட்டுக் கூடங்களிலும் சில ஆண்டுகள் காசு ஈட்டித் தந்தால் போதும் என்ற கணக்கில் செய்யப்பட்ட வணிகக் கருவி அது. அரை நூற்றாண்டு கழித்து ஒருவர் அதன் வண்ணத்தைப் பற்றிக் கவலைப்படுவார் என்று எந்த உற்பத்தியாளரும் எண்ணியிருக்க மாட்டார். உங்கள் இயந்திரத்தில் ஒரு வசதி உண்டு: ‘எய்ட் பால்’ 20,230 எண்ணிக்கையில் தயாரானது. இவ்வளவு பரவலாக விற்ற இயந்திரம் என்பதால், நல்ல நிலையிலுள்ள பலகையின் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தேடி அலைய வேண்டியதில்லை.

இனி வில்லைக்கு வருவோம். ஈரப்பதம் ஏறி இறங்கும்போது மரம் விரிந்து சுருங்கும். பிளாஸ்டிக் அப்படிச் செய்யாது. இரண்டுக்கும் இடையில் உள்ள பசை ஆண்டுக்கணக்கில் காய்ந்து பிடியை விடுகிறது. அடியில் இருக்கும் குமிழ் விளக்கின் சூடும் சேரும்போது, வில்லை மயிரிழை அளவு மேலே எழும்பும், அல்லது கீழே அமிழும், அல்லது அதன் நடுப்பகுதி குழிந்துவிடும். 27 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 80 கிராம் எடையும் உள்ள எஃகுப் பந்து, அந்த விளிம்பைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் மரத்தின் ஓரத்தில் உள்ள வண்ணத்தைத் தட்டிவிட்டுப் போகிறது. நீங்கள் காணும் வளையம் அப்படி உண்டானதுதான்.

மின்இணைப்பைத் துண்டித்து, பந்தை வெளியே எடுத்து, மேல்கண்ணாடியைக் கழற்றி வையுங்கள். ஓர் எஃகு அளவுகோலை வில்லையின் குறுக்கே செங்குத்தாக நிறுத்தி, அதன் பின்புறமிருந்து சிறு டார்ச் ஒளியைத் தாழ்வாக அடியுங்கள். அளவுகோலின் அடியில் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பள்ளம். அளவுகோல் ஆடினால் வில்லை எழும்பியிருக்கிறது. ஒவ்வொரு வில்லையையும் இப்படிச் சோதித்து, பலகையின் புகைப்படம் ஒன்றை அச்சிட்டு அதன்மேல் குறித்துக்கொள்ளுங்கள். விரலால் தடவியும் உணரலாம், ஆனால் அளவுகோல் காட்டும் நுட்பம் விரலுக்கு வராது.

மட்டமாகவே இருந்து, தட்டினால் மட்டும் அசையும் வில்லைக்குப் பெரிய வேலை தேவையில்லை. பலகையை உயர்த்தி நிறுத்தி, அடிப்புறத்தில் விளிம்பைச் சுற்றி நீர்போல் மெல்லிய சயனோஅக்ரிலேட் பசையைத் துளித்துளியாக விட்டால், அது இடுக்கில் தானே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். எழும்பிய அல்லது அமிழ்ந்த வில்லையை ஹீட் கன்னால் அடிப்புறமிருந்து மெதுவாகச் சூடாக்கி, பழைய பசை இளகியதும் நகர்த்த வேண்டும். அதற்கு முன், வில்லையின் மேலும் மரத்தின் மேலும் சேர்ந்தாற்போல் அச்சிடப்பட்ட கரிய விளிம்புக் கோட்டைக் கூரிய கத்தி முனையால் வில்லையின் ஓரமாகவே வெட்டிவிடுங்கள். இல்லையேல் வில்லை நகரும்போது கோடு பக்கத்து வண்ணத்தையும் பிய்த்துக்கொண்டு போகும். இதை மறப்பவர்கள் ஒரு சிறிய வளையத்தைச் சீர்செய்யப் போய்ப் பெரிய ஓட்டையை உண்டாக்கிவிடுகிறார்கள். பிறகு மேற்புறத்தில் மெழுகுத்தாளும் அதன்மேல் சமதளமான மரக்கட்டையும் வைத்து, கீழிருந்து வில்லையை அந்தக் கட்டையோடு அழுத்தி கிளாம்ப் போட்டு, அடிப்புறத்தில் இரு பகுதி எப்பாக்சி இட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். வெறுமனே நடுவில் குழிந்த வில்லையைக் கழற்ற வேண்டாம். மேற்பூச்சு இடும்போது அந்தக் குழியைச் சிறிது சிறிதாக நிரப்பிவிடலாம்.

அடுத்தது சுத்தம். ஃபிளிப்பர்களுக்கு மேலே நீங்கள் காணும் சாம்பல் நிறம், பந்திலிருந்து உதிர்ந்த உலோகத் தூளும் ரப்பர் வளையங்களின் கரியும் பழைய மெழுகும் சேர்ந்து மரத்தின் நாளங்களுக்குள் அரைக்கப்பட்ட அழுக்கு. தண்ணீரையும் நீர் கலந்த துப்புரவுத் திரவங்களையும் அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். மரம் திறந்திருக்கும் இடத்தில் ஈரம் இறங்கினால் நாரெழும்பி, ஓரத்து வண்ணமும் தூக்கிக்கொள்ளும். முதலில் நாஃப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பானில் நனைத்த பருத்தித் துணியால் பலகை முழுவதையும் துடைத்து, மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் நீக்குங்கள். அது வண்ணத்தையும் லாக்கரையும் பொதுவாகத் தொந்தரவு செய்வதில்லை. ஆனாலும் பலகையின் அடிப்பகுதியில், முன் தகட்டுக்கு மறைவான ஓரிடத்தில் சோதித்துவிட்டே செய்ய வேண்டும். நாஃப்தா எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும்; தண்ணீர் சூடாக்கும் எரிவாயுக் கருவி இருக்கும் அடித்தள அறையில் இந்த வேலையே கூடாது.

நாஃப்தாவுக்கு அசையாத சாம்பல் கறைக்கு, மெலமைன் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தோய்த்து இலேசாகத் தேய்ப்பது வழக்கம். பலனும் கண்ணெதிரே தெரியும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மெலமைன் பஞ்சு மென்மையாகத் தோன்றினாலும் உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாளே. ஆல்கஹால் பழைய லாக்கரை இளக்கும். அழுக்கு கரிய நிறமாகப் பஞ்சில் ஏறும் வரை தொடரலாம். நீலமோ சிவப்போ ஏறிய கணத்தில் கையை எடுத்துவிடுங்கள். மிச்சமுள்ள இலேசான சாம்பல் சாயலை அப்படியே விட்டுவிடுவதே என் பழக்கம். அச்சில் எஞ்சியிருக்கும் மூல வண்ணம் ஒவ்வொரு சதுர அங்குலமும் மதிப்புள்ளது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டு அதே இடத்தில் நாம் புதிதாகப் பூசுவது முன்னேற்றம் ஆகாது. அசிட்டோன், லாக்கர் தின்னர் இரண்டும் முழுப் படத்தையுமே கரைத்துவிடும் என்பதால் அவற்றை வேலை மேசையிலேயே வைக்காதீர்கள்.

இப்போதுதான் வண்ணத்துக்கு இடம். திறந்த மரத்தின்மேல் நேரடியாகப் பூசினால் வண்ணம் நார்வழியே பரவும். அதனால் மெல்லிய நிறமற்ற மேற்பூச்சு ஒன்றை முதலில் இட்டு மரத்தை அடைத்துவிடுங்கள். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: நிறம் சரியாக அமையாவிட்டால், அது உலர்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம், அடியில் உள்ள மூலப்படம் பாதுகாப்பாக இருக்கும்.

நிறத்தைப் பொருத்துவதுதான் பலரும் தடுமாறும் இடம், எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். பிளாஸ்டிக் மூடிகளுக்கு அடியில் வெயில் படாமல் இருக்கும் பகுதியின் நிறத்தைப் பார்த்துக் கலக்க வேண்டும் என்று சிலர் கூறுவார்கள். அப்படிக் கலந்தால், வெளுத்துப் போன சுற்றுப்புறத்தின் நடுவே உங்கள் திட்டு மட்டும் புதிதாகத் துருத்திக்கொண்டு நிற்கும். தேய்ந்த இடத்தை ஒட்டி இப்போது இருக்கும் நிறத்துக்கே பொருத்த வேண்டும். நூறு நாள் வெயிலில் கிடந்த வெள்ளைபோல, பழைய லாக்கருக்கு அடியில் உள்ள வெள்ளையும் மஞ்சளேறியிருக்கும். அதற்குப் புட்டியிலிருந்து நேராக எடுத்த வெள்ளை ஒருபோதும் ஒட்டாது, துளி மஞ்சள் காவியும் அதைவிடக் குறைவாகப் பழுப்பும் சேர வேண்டும். அக்ரிலிக் உலர்ந்தால் ஒரு படி கருக்கும் என்பதால் ஈரமாக இருக்கும்போது முடிவு செய்யாதீர்கள். நிறமற்ற பிளாஸ்டிக் தாளின் ஓரத்தில் ஒரு தீற்றல் இட்டு, உலர்ந்த பிறகு அந்தத் தாளைப் பலகையின்மேல் வைத்து, தீற்றல் மூல நிறத்தைத் தொட்டுக்கொண்டிருக்குமாறு நகர்த்திப் பாருங்கள். பக்கத்து மூல நிறத்தை நாஃப்தாவால் சற்று நனைத்தால், மேற்பூச்சுக்குப் பிறகு அது எப்படித் தோன்றும் என்பதும் அந்தச் சில நொடிகளில் தெரிந்துவிடும். இதையெல்லாம் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் பொருந்திய நிறம் காலையில் வேறாகத் தெரியும்.

தடிமனாக ஒரே முறை பூசாமல், நீர்த்த வண்ணத்தை இரண்டு மூன்று முறை பூச வேண்டும்; திட்டின் விளிம்பு மேடாகிவிட்டால் பந்து அதையும் தட்டும். நேர்க்கோடுகளுக்கு ஒட்டுநாடா போதும், ஆனால் நாடாவின் விளிம்பில் முதலில் சிறிது நிறமற்ற பூச்சைத் தடவி உலரவிட்டால் வண்ணம் அடியில் கசியாது. கரிய விளிம்புக் கோடுகளை நுனி மெலிந்த தூரிகையாலோ, வரைபடக்காரர்கள் பயன்படுத்திய கோடு போடும் பேனாவாலோ வரையுங்கள். மார்க்கர் பேனா எளிதாகத் தோன்றும். அதன் மை, மேற்பூச்சின் கரைப்பானில் கரைந்து பரவுவதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: பலகையைத் தொட்டுத் திருத்தி முடித்துவிட்டேன். இனி அதன்மேல் கார்களுக்கு அடிக்கும் இரு பகுதிப் பாலியூரித்தேன் கிளியர் கோட்டை வீட்டுக் கார் அறையிலேயே அடிக்க விரும்புகிறேன். சாதாரண முகக்கவசம் போதுமா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: போதாது. தயவுசெய்து வீட்டில் அடிக்காதீர்கள். அந்தப் பூச்சைக் கெட்டியாக்கும் பகுதியில் ஐசோசயனேட் இருக்கிறது. தெளிக்கும்போது மூடுபனியாகப் பரவும் இந்த வேதிப்பொருள் மூச்சுக்குழாயைப் பாதித்து, வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது; ஒரு முறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே போதும். தூசி வடிகட்டும் கவசம் இதற்குப் பயனற்றது. கார் வண்ணப் பட்டறைகளில் காற்றோட்ட அறையும், வெளியிலிருந்து குழாய் வழியே தூய காற்று தரும் முகமூடியும் வைத்திருப்பது இதனால்தான். கார் அறையின் கதவுக்கு அப்பால் உங்கள் குடும்பம் இருக்கிறது என்பதையும் நினையுங்கள்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. பலகையின் மேற்புறத்தில் உள்ள அனைத்தையும் கழற்றி, இயன்றால் அடிப்புற வயரிங்கையும் பிரித்து, வெறும் பலகையை ஒரு பட்டறையில் கொடுத்து அடித்து வாங்குவது ஒன்று. கிடைக்கும் பளபளப்பும் உறுதியும் இணையற்றவை. மற்றொன்று, நீர் அடிப்படையிலான பாலியூரித்தேனைச் சிறு நுரை உருளையால் நீங்களே மெல்லிய அடுக்குகளாக இடுவது. அவ்வளவு கடினமாக அமையாது என்றாலும், வீட்டில் ஆடும் இயந்திரத்துக்கு அது தாராளமாகப் போதும்; பின்னாளில் ஒரு மூலை மட்டும் தேய்ந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்தவும் முடியும். முதல் முறை செய்பவருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பூச்சு இடும் முன்பு பலகையில் மெழுகோ சிலிக்கோனோ துளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் பூச்சு அந்த இடத்தில் ஒட்டாமல் மீன்கண் போன்ற குழிகளாக விலகிவிடும். அடுக்குகளுக்கு இடையே 600 அல்லது 800 எண் உப்புத்தாளைச் சமமான கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும், விரலில் சுற்றி அல்ல. விரல் பள்ளத்தைப் பின்தொடர்ந்து இறங்கும், கட்டை மேட்டை மட்டும் வெட்டும். கடைசி அடுக்கில் 1500, 2000 என்று போய்ப் பாலிஷ் செய்யலாம். ஒவ்வொரு வில்லையின் விளிம்பிலும், துளைகளின் ஓரத்திலும் பூச்சு மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கே இரண்டு இழுப்புக்கு மேல் வேண்டாம்.

பூச்சு தொடுவதற்கு உலர்ந்திருப்பதும் உள்ளே இறுகியிருப்பதும் வேறு வேறு. திருகுகளையும் தூண்களையும் அவசரப்பட்டு இறுக்கினால் அவற்றைச் சுற்றிப் பூச்சு பிதுங்கிச் சுருங்கும். சில வாரங்கள் காத்திருங்கள். திரும்பப் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு திருகுத் துளையின் வாயையும் சற்றே சரிவாக வெட்டிவிட்டால், திருகு இறங்கும்போது பூச்சு சில்லாகப் பெயராது.

கேள்வி: 1980-களின் தொடக்கத்தில் வந்த என் இயந்திரத்தின் பலகைமேல் மைலார் என்ற நிறமற்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது. அங்கங்கே குமிழி கண்டு, ஓரம் மஞ்சளாகிவிட்டது. உரித்துவிடலாமா?
– வாசகர், டொராண்டோ

பதில்: குமிழிகளுக்கு அடியில் வண்ணம் என்ன நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. குமிழியின்மேல் விரலை வைத்து அழுத்தி விடுங்கள். வண்ணம் மரத்தோடு இருந்து, படலம் மட்டும் எழும்பி இறங்கினால் உரிக்கலாம். வண்ணமும் படலத்தோடு சேர்ந்து எழும்புவது தெரிந்தால், அந்தப் படலம்தான் உங்கள் படத்தைப் பிடித்துவைத்திருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். படலத்தின் ஓரங்களில் மட்டும் அழுக்குச் சேராமல் துடைத்து ஆடுவதில் எந்தக் குறையும் இல்லை. தேய்மானத்திலிருந்து பாதுகாக்க ஆலையிலேயே ஒட்டிய படலம் அது. பல பலகைகள் இன்றுவரை பிழைத்திருப்பதே அதனால்தான்.

உரிப்பதென்று முடிவு செய்தால், சூடாக்குவதைவிடக் குளிரூட்டுவது பாதுகாப்பானது. கணினி விசைப்பலகைகளைச் சுத்தம் செய்யும் அழுத்தக் காற்றுக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்தால் உறைய வைக்கும் திரவம் வெளிவரும். கையுறை அணிந்து, சில அங்குலப் பகுதியாக அதைப் படலத்தின்மேல் அடித்தால் பசை கண்ணாடிபோல் இறுகிப் பிடியை விடும்; உடனே படலத்தை மேல்நோக்கித் தூக்காமல், பலகைக்கு ஒட்டினாற்போல் பின்னோக்கி மடித்து மெதுவாக இழுங்கள். எங்காவது வண்ணம் வருவது போலத் தெரிந்தால் நிறுத்தி, அந்த இடத்தைச் சுற்றிப் படலத்தை வெட்டி அங்கேயே விட்டுவிடுங்கள்.

படலம் போனாலும் பசையின் பெரும்பகுதி பலகையில் தங்கும். இதற்குச் சமையலறைக் கோதுமை மாவு உதவும். பசையின்மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை இலேசாகத் தெளித்து, மாவைத் தூவி, விரல் நுனிகளால் வட்டமாகத் தேய்த்தால், பசை மாவோடு சேர்ந்து சிறு திரிகளாக உருண்டு வரும். வேலை மெதுவாகத்தான் போகும். சுரண்டும் தகடு எதையும் எடுக்காமல் பொறுமையாகச் செய்தால் அடியில் உள்ள படம் முழுதாகக் கிடைக்கும்.

கேள்வி: 1992-ஆம் ஆண்டு ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ பின்பால் இயந்திரம் வைத்திருக்கிறேன். பலகை பளபளப்பாகவே இருக்கிறது. பந்து விழுந்து வெளியே எறியப்படும் குழியின் விளிம்பு மட்டும் சிதைந்து மரம் பிய்ந்திருக்கிறது. புதிய பலகை வாங்கிப் பொருத்திவிடுவது நல்லதா?
– வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: தேவையில்லை. உங்கள் இயந்திரத்தின் காலத்தில் லாக்கருக்குப் பதிலாகக் கடினமான பாலியூரித்தேன் மேற்பூச்சு வந்துவிட்டது. பலகையின் நடுப்பகுதி தேயாமல் இருப்பது அதனால்தான். ஆனால் காயில் எனப்படும் மின்காந்தச் சுருள் உதைத்து எறியும் பந்து குழியின் விளிம்பில் மோதும்போது எந்தப் பூச்சும் தாங்காது. உதிரியான நார்களை வெட்டி நீக்கி, இரு பகுதி மர எப்பாக்சியால் விளிம்பை நிரப்பி, இறுகிய பிறகு பழைய வளைவுக்கு அரத்தால் வடிவம் கொடுத்து, வண்ணமும் மேற்பூச்சும் இட்டு முடியுங்கள். அதன்மேல், அந்தக் குழியின் அளவுக்கே வெட்டி விற்கப்படும் மெல்லிய எஃகுத் தகட்டுக் காப்பு ஒன்றைப் பொருத்திவிடுங்கள். தகடு இல்லாமல் எப்பாக்சியை மட்டும் நம்பினால் மறுபடியும் பெயரும்.

ஜெர்மனியில் மிர்கோ, கனடாவில் கிளாசிக் பிளேஃபீல்டு ரீபுரொடக்ஷன்ஸ் போன்றவை மறுபதிப்புப் பலகைகளைத் தயாரிக்கின்றன. ஒட்டுப்பலகையின் அடுக்குகளே பிரிந்துவிட்ட இயந்திரத்துக்கு அவை வரப்பிரசாதம். ஆனால் ஒரு பலகையை மாற்றுவது என்றால் நூற்றுக்கணக்கான திருகுகள், விளக்குக் கூடுகள், சுவிட்சுகள், காயில்கள் அனைத்தையும் ஒன்று தவறாமல் இடம் மாற்றுவது. ஒரு குழியின் விளிம்புக்காக அதைத் தொடங்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் பழைய பந்துகளை மறுபடி போடாதீர்கள். பந்தை விளக்கடியில் உருட்டிப் பாருங்கள். ஒரு கீறலோ மங்கலோ தெரிந்தால் புதியதை வாங்கிவிடுங்கள், விலை சில டாலர்கள்தான். பலகைக்குக் கார்னௌபா மெழுகை மெல்லியதாக இட்டு, நன்றாகத் துடைத்து எடுத்த பிறகு ஆடத் தொடங்கலாம்.